மைலோவும் திரவம்தானே, சார்?

படிவம் 4 உயிரியல் வகுப்பில் கல்லீரலைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கையை உயர்த்தினாள்.

"சார், எங்க சித்திக்கு எடையைக் குறைக்க ஆப்பரேஷன் செய்யப்போறாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துக்குத் திரவ உணவு மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. சித்தி மைலோ குடிக்கலாமா? அதுவும் திரவம்தானே, சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு கிள்ளானில் இருக்கும் என் அக்காவும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். "நீதான் சயன்ஸ் வாத்தியாராச்சே, சொல்லு தம்பி" என்றார். அன்று எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். பதிலுக்குத் தேவையானவை எல்லாம் உங்கள் பாடநூல்களிலேயே இருக்கின்றன. கலோரி மதிப்பு படிவம் 2-இல் இருக்கிறது, கல்லீரலும் கிளைக்கோஜனும் படிவம் 4-இல் இருக்கின்றன. சேர்த்துப் பார்க்க மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த வாரம் சேர்த்துப் பார்ப்போம், மாணவர்களே.

முதலில் ஒரு கணக்கு

அக்காவின் உயரம் 1.58 மீட்டர். அப்போது எடை 104 கிலோகிராம். (எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, யாருக்காவது பயன்படட்டும்" என்றார்.) உடல் எடைக் குறியீடு என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். 1.58-ஐ 1.58-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2.5. 104-ஐ அதனால் வகுத்தால் 41.6 வரும்.

உலக அளவில் 25-க்கு மேல் அதிக எடை என்றும் 30-க்கு மேல் உடல் பருமன் என்றும் கொள்வார்கள். மலேசிய மருத்துவ வழிகாட்டியில் இந்த எல்லைகள் 23, 27.5 என்று இன்னும் கீழே உள்ளன. காரணம் இருக்கிறது. அதே குறியீட்டு எண் கொண்ட ஐரோப்பியரைவிட நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது. இனிப்பு நீரும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வின்படி 2019-இல் நம் நாட்டுப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடு ஆனது. இனவாரியாகப் பார்த்தால் முன்வரிசையில் இருப்பது நாம்தான். ஆகவே இந்தக் கட்டுரை யாரோ ஒருவருடைய சித்தியைப் பற்றியது மட்டுமல்ல.

அக்காவுக்கு இனிப்பு நீர் இருந்தது, முட்டி வலி இருந்தது. நடைப்பயிற்சி, மூலிகைப் பொடி, சோற்றை விட்டுவிடுவது என்று பல ஆண்டுகள் முயன்று, குறைந்த எடை மீண்டும் ஏறி, கடைசியில்தான் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். சோம்பேறிகள் தேடும் குறுக்குவழி இது என்று சிலர் பேசுவதுண்டு. அப்படிப் பேசியவர்கள் எவரும் அந்தப் பதினான்கு நாளைக் கடந்தவர்கள் இல்லை என்பது என் எண்ணம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில், லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் முதல் பல தனியார் மருத்துவமனைகள் வரை இந்த வகை அறுவைச் சிகிச்சைகள் நடக்கின்றன. பரவலாகச் செய்யப்படுவது இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவது. மிஞ்சும் இரைப்பை ஒரு சட்டைக் கை போல ஒடுங்கிய குழாயாக இருக்கும். அக்காவுக்குச் செய்ததும் அதுதான்.

வழியில் படுத்திருக்கும் உறுப்பு

இப்போது ஒரு கேள்வி. வெட்டப்போவது இரைப்பையை. பிறகு ஏன் இரண்டு வாரமாகக் கல்லீரலைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்?

உங்கள் வலது கையை விலா எலும்புகளின் கீழ் விளிம்பில், வலப்பக்கமாக வையுங்கள். அங்கேதான் கல்லீரல் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை, உடலுக்குள் இருக்கும் மிகப் பெரிய உறுப்பு. அதன் இடது மடல் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் நீண்டு, இரைப்பையின் மேற்பகுதியின் மீது ஒரு போர்வையைப் போலக் கிடக்கிறது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடம் அந்தப் போர்வைக்கு அடியில்தான் உள்ளது. மருத்துவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டிய இடமும் அதுவே.

பழைய காலம் போல வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்வதில்லை. நான்கைந்து சிறு துளைகள் போடுவார்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும். வயிற்றுக்குள் கார்பன் டைஆக்சைடு வாயுவைச் செலுத்திக் கூடாரம் போல உப்பவைத்து, ஒரு துளை வழியே கேமராவையும் மற்றவற்றின் வழியே கருவிகளையும் நுழைப்பார்கள். கல்லீரலின் இடது மடலை ஒரு கருவியால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் அடியில் வேலை நடக்கும். ஏன் கார்பன் டைஆக்சைடு, ஏன் காற்று இல்லை என்று கேட்பீர்கள். அது தீப்பற்றாது. இரத்தத்தில் எளிதில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறியும் விடும்.

உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் நிரம்பியிருக்கும். கல்லீரலின் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு இருந்தால் அது கொழுப்புக் கல்லீரல். அது பெரிதாகவும் கனமாகவும் இருக்கும், எளிதில் கிழியவும் செய்யும். ஒரு பெரிய டோஃபு கட்டியை ஒற்றைக் கம்பியால் தூக்கிப் பிடித்தபடி அதன் அடியில் தையல் போட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கிழிந்தால் இரத்தம் கொட்டும், ஏனென்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் பாயும் உறுப்பு அது. சில வேளைகளில் துளைவழிச் சிகிச்சையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வரும். சில வேளைகளில் ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டு, வேறொரு நாளைக் குறித்துக் கொடுப்பார்கள்.

மலாய் மொழியில் கல்லீரலுக்கு 'ஹாத்தி' என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். மனம் புண்பட்டால் 'சாக்கிட் ஹாத்தி' என்கிறோம், கவனமாக இரு என்பதற்கு 'ஹாத்தி-ஹாத்தி' என்கிறோம். அறுவை அறையில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே பொருந்திவிடுகிறது.

கிடங்கைக் காலி செய்வது

கல்லீரலை இரண்டு வாரத்தில் எப்படிச் சுருக்குவது? அங்கே சேமித்து வைத்திருப்பதைச் செலவழிக்கவைப்பதுதான் வழி.

நாம் உண்ணும் சோறு, ரொட்டி, சீனி எல்லாம் குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்கின்றன. உடனே தேவைப்படாத குளுக்கோஸைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கின்றன. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். இங்கே பாடநூலில் பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு செய்தி உண்டு. கிளைக்கோஜன் தனியாக இருப்பதில்லை. ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்படியானால் 500 கிராம் கிளைக்கோஜனோடு 1,500 கிராம் நீர், ஆக மொத்தம் 2 கிலோ.

உணவில் மாவுச்சத்தையும் சீனியையும் வெகுவாகக் குறைத்தால் ஓரிரு நாளில் இந்தக் கிடங்கின் பெரும்பகுதி காலியாகிவிடும். பிடித்து வைத்திருந்த நீர் சிறுநீராக வெளியேறும். முதல் மூன்று நாளில் அக்காவின் எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். நான் மட்டும் "இதில் கொழுப்பு கொஞ்சம்தான், பெரும்பாலும் தண்ணீர்" என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

கிளைக்கோஜன் தீர்ந்த பிறகு உடல் கொழுப்பைப் பெரிய அளவில் எரிக்கத் தொடங்குகிறது. கல்லீரல் தனக்குள் கிடக்கும் கொழுப்பையும் விட்டுவைப்பதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதை முதலில் எடுப்பது போல, தொடைக் கொழுப்பைவிடக் கல்லீரல் கொழுப்பு வேகமாகக் குறைகிறது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 32 பேர் 12 வாரங்களுக்கு மிகக் குறைந்த கலோரி கொண்ட மாற்றுணவை உண்டார்கள். இடையிடையே அவர்களுடைய கல்லீரலை ஊடுகதிர்ப் படங்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. கல்லீரலின் கன அளவு சராசரியாக ஏறத்தாழ 19 விழுக்காடு குறைந்திருந்தது. அந்தக் குறைவில் 80 விழுக்காடு முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிட்டது. 19-இல் 80 விழுக்காடு என்றால் சுமார் 15. அதாவது பதினான்கே நாளில் கல்லீரல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்குகிறது. மருத்துவர்கள் ஏன் பெரும்பாலும் இரண்டு வாரம் என்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

ஐரோப்பாவில் 298 நோயாளிகளைக் கொண்டு நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. ஒரு பிரிவினர் இரண்டு வாரம் இந்த உணவை எடுத்தார்கள், மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். அறுவைக்கு ஆன நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உணவைக் கடைப்பிடித்தவர்களுக்குச் செய்வது எளிதாக இருந்ததாக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். முதல் 30 நாளில் வந்த சிக்கல்கள் ஒரு பிரிவில் 18, கடைப்பிடித்த பிரிவில் 8.

மைலோவுக்குப் பதில்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். மைலோ குடிக்கக் கூடாது. தே தாரிக் கூடாது, சிராப் பண்டோங் கூடாது, கரும்புச்சாறு கூடவே கூடாது. டின்பாலில் எடையில் ஏறத்தாழப் பாதி சீனிதான். அரிசிக் கஞ்சியும் கூடாது. இளநீரில் சீனி குறைவு, ஆனாலும் அது கணக்கில் சேரும் என்பதால் கேட்காமல் குடிக்கக் கூடாது.

'திரவ உணவு' என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. இங்கே பருப்பொருளின் நிலை முக்கியம் இல்லை. கரைந்திருப்பது என்ன என்பதுதான் முக்கியம். சில மருத்துவமனைகளில் இந்த இரண்டு வாரத்திலும் கொஞ்சம் கீரையோ வெள்ளரியோ தின்ன அனுமதிப்பார்கள். அவை திடப்பொருள்தான், ஆனால் மாவுச்சத்து மிகக் குறைவு. மைலோ திரவம்தான், ஆனால் கிடங்கை மீண்டும் நிரப்பிவிடும். அப்படியென்றால் ஏன் திரவமாகக் கொடுக்கிறார்கள்? அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு பொட்டலத் தூளை நீரில் கலக்கினால் ஏறத்தாழ 200 கிலோகலோரி, 20 கிராம் புரதம் என்று அச்சிட்டே இருக்கிறது. அம்மா போடும் ஒரு கரண்டிச் சோற்றுக்கு அப்படி அச்சிட்ட கணக்கு கிடையாது.

அக்காவுக்குக் கொடுத்தது ஒரு நாளைக்குச் சுமார் 800 கிலோகலோரி. அப்படிப்பட்ட பொட்டலம் நான்கு, சீனி போடாத கோப்பி அல்லது தேநீர், வடிகட்டிய சூப், இரண்டு லிட்டர் தண்ணீர். உணவியல் அலுவலரிடம் கேட்டு, தெளிந்த ரசத்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த ரசம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று இன்றும் சொல்வார். அதற்கு ஓர் அறிவியல் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அக்காவின் உடலுக்கு ஒரு நாளைக்கு 2,000 கிலோகலோரி தேவை என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் 1,200 பற்றாக்குறை. பதினான்கு நாளில் 16,800. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி. ஆகவே எரிந்த கொழுப்பு 2.2 கிலோ. நீரையும் கிளைக்கோஜனையும் சேர்த்தால் 4 கிலோவைத் தொடும். தராசு காட்டியது 4.6. குடலில் இருந்ததும் உப்போடு போன நீரும் மீதிக் கணக்கு. 104 கிலோவில் இது சிறிய மாற்றம்தான். எடைக் குறைப்பு இந்த இரண்டு வாரத்தின் நோக்கமே இல்லை என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் நாள் தலைவலி

முதல் நாள் அக்கா உற்சாகமாக இருந்தார். இரண்டாம் நாள் மாலை தலைவலி, மூன்றாம் நாள் எரிச்சல். என் அக்கா மகனை, கதவை வேகமாகச் சாத்தினான் என்பதற்காக அரைமணி நேரம் திட்டினார். எழுந்து நின்றால் கண் இருட்டியது. நீர் வெளியேறும்போது சோடியமும் சேர்ந்தே வெளியேறுகிறது, இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. ரசம் இங்கேதான் வேலை செய்தது: உப்பும் நீரும் ஒன்றாகச் சேர்ந்தே வந்தன. கோப்பியைத் திடீரென நிறுத்தியவர்களுக்கு கஃபீன் இல்லாததாலும் தலைவலிக்கும்.

நான்காம் நாள் வாயில் ஒரு விநோதமான வாடை, பழம் அழுகியது போல. கொழுப்பு எரியும்போது கல்லீரல் கீட்டோன் என்ற பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றில் ஒன்றான அசிட்டோன் மூச்சில் வெளியேறும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் மணம் தெரியுமா, அதே பொருள்தான். குளுக்கோஸ் குறைந்த காலத்தில் மூளைக்கு எரிபொருளாகவும் இந்தக் கீட்டோன் பயன்படுகிறது. கீட்டோன் ஏறிய பிறகு பலருக்குப் பசி கொஞ்சம் மட்டுப்படுகிறது. அக்காவுக்கும் ஐந்தாம் நாள் முதல் அப்படித்தான். மலச்சிக்கல் மட்டும் கடைசி வரை இருந்தது. நார்ச்சத்தே இல்லாதபோது வேறென்ன எதிர்பார்ப்பது?

பசி மட்டுப்பட்டாலும் ஆசை மட்டுப்படவில்லை. அக்கா தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிற்பகல் நான்கு மணிக்கு வடை பொரியும் வாசனை கடைக்குள் வந்துவிடும். அந்த நேரத்தில் தாங்கவே முடியவில்லை என்பார்.

இங்கே கிரெலின் என்ற இயக்குநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1999-இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தது. பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து, மூளைக்குப் 'பசி' என்று செய்தி சொல்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு முன் இது ஏறுகிறது. சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடுகிறது. பட்டினி இருந்தவர்களிடம் அளந்து பார்த்த உண்மை இது. பசி ஏறிக்கொண்டே போகும் மலை இல்லை, கரைக்கு வந்து திரும்பும் அலை. இதை நான் சொன்ன நாள் முதல் அக்கா நான்கு மணிக்கு ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்துக்கொண்டு கடையின் பின்பக்கம் போய் நின்றுகொள்வார். இருபது நிமிடம். "அலை போயிருச்சு தம்பி" என்று எனக்குக் குறுஞ்செய்தி வரும். அறுவையில் வெட்டி எடுக்கப்படுவதும் கிரெலின் அதிகம் சுரக்கும் அந்த மேற்பகுதிதான்.

இரவு பதினொரு மணிக்குப் பிரியாணிச் செய்முறைக் காணொளி பார்க்கும் பழக்கமும் அவருக்கு வந்தது. வீட்டில் கேலி செய்தார்கள். கேலிக்கு இடமில்லை. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினி உணவு கொடுத்தார். அவர்களும் சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் வாசித்தார்கள், உணவைப் பற்றியே பேசினார்கள், கனவிலும் உணவைக் கண்டார்கள். ஆரோக்கியமான, மன உறுதி மிக்க இளைஞர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். குறைவாக உண்ணும் மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

பாயசம்

ஒன்பதாம் நாள் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். போகாமல் இருக்க முடியாது. பந்தியில் உட்காரவில்லை என்றதும் அத்தை ஒருவர் விடவில்லை. "ஏம்மா, பாயசம் தண்ணி மாதிரிதானே இருக்கு, ஒரு டம்ளர் குடி. இல்லாட்டி என்ன நெனைப்பாங்க?" அக்கா இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். கூடவே கொஞ்சம் முறுக்கும்.

மறுநாள் காலை தராசு 600 கிராம் ஏறியிருந்தது. எனக்கு அழைத்து அழுதார். "எல்லாம் போச்சு. எட்டு நாள் கஷ்டப்பட்டதெல்லாம் வீணாப் போச்சு. டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடப்போறேன்."

நாங்கள் தொலைபேசியிலேயே கணக்குப் போட்டோம். இரண்டு டம்ளரில் 80 கிராம் சீனியும் மாவுச்சத்தும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அத்தனையும் கிளைக்கோஜனாகியிருந்தால் 80 கிராம், அது பிடித்த நீர் 240 கிராம், மொத்தம் 320. முறுக்கு உப்பு பிடித்து வைத்த நீர் மீதி. அன்று கூடுதலாக உள்ளே போனது மொத்தம் 600 கிலோகலோரி என்று கொண்டு, அத்தனையும் கொழுப்பாகவே மாறியிருந்தாலும் 600-ஐ 7,700-ஆல் வகுத்தால் 80 கிராம்கூட வராது. கிடங்கின் ஒரு மூலை மறுபடி நிரம்பியது, அவ்வளவுதான். இரண்டு நாளில் தராசு பழைய இடத்துக்கு வந்தது.

மறைக்காமல் மருத்துவமனையில் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன், சொன்னார். யாரும் திட்டவில்லை. நாள் தள்ளிப்போகவும் இல்லை. ஆனால் தினமும் இப்படி ஒரு டம்ளர் என்றால் கதை வேறு: கிடங்கு காலியாகவே காலியாகாது. பட்டினி கிடந்த துன்பம் இருக்கும், கல்லீரல் மட்டும் அப்படியே இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால், அந்த அத்தைக்கு விளக்கம் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அக்கா மகன் படிவம் 3 மாணவன். அன்றிலிருந்து அவன் பள்ளி விட்டு வந்ததும் தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதை ஏன் நீங்களாகச் செய்யக் கூடாது

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலைச் சபைக் கூட்டத்தில் படிவம் 5 மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். நான்கு நாளாகப் புரதத்தூள் கலந்த தண்ணீர் மட்டும்தான் குடித்திருக்கிறான். அவனுக்கு அறுவைச் சிகிச்சை எதுவும் இல்லை, வகுப்பில் சிலர் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் மட்டும்தான் இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை.

மூளைக்கு மட்டும் நாள்தோறும் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் தேவை. உணவில் கிடைக்காதபோது உடல் தசைப்புரதத்தை உடைத்து குளுக்கோஸ் தயாரிக்கிறது. இதயமும் ஒரு தசைதான். ஆகவே குறைந்த கலோரி உணவில் புரதத்தின் அளவும் தரமும் உயிர் சம்பந்தப்பட்டவை.

1976-இல் ராபர்ட் லின் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு புத்தகம் எழுதி, திரவப் புரத உணவு ஒன்றைப் பிரபலப்படுத்தினார். கொன்ற விலங்குகளின் தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுத்த கொலாஜன்தான் அந்தப் புரதம். நாளொன்றுக்கு 400 கிலோகலோரிக்கும் குறைவு. பல இலட்சம் பேர் குடித்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 60 பேரின் மரணம் அத்தகைய உணவோடு தொடர்புபடுத்தப்பட்டது. பலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து போயிருந்தது. கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலமே இல்லை. பொட்டாசியம் போன்ற தாதுக்களும் போதவில்லை. 'புரதம்' என்று அட்டையில் எழுதியிருப்பது எல்லாம் ஒரே புரதம் அல்ல. இன்று மருத்துவமனையில் கொடுக்கும் தூளில் பால் அல்லது சோயாப் புரதமும் விட்டமின்களும் தாதுக்களும் அளந்து சேர்க்கப்படுவதற்கு அந்த மரணங்களும் ஒரு காரணம்.

இன்னோர் ஆபத்து மருந்து. சோறு சாப்பிடும் நாளுக்காக எழுதிக்கொடுத்த இன்சுலினையும் மாத்திரையையும் 800 கிலோகலோரி நாளிலும் அதே அளவில் எடுத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அக்காவுக்கு முதல் நாளே மருந்தின் அளவைக் குறைத்துவிட்டார்கள். 2011-இல் இங்கிலாந்தின் நியூகாசலில் ராய் டெய்லர் குழுவினர், இனிப்பு நீர் உள்ள 11 பேருக்கு நாளுக்குச் சுமார் 600 கிலோகலோரி உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் அவர்களின் காலை வெறும்வயிற்றுச் சீனி அளவு இயல்புக்கு வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக மாறும் உடலில் பழைய மருந்தளவு எப்படிப் பொருந்தும்? பித்தப்பையில் கல் உருவாவதும் எடை வேகமாக இறங்கும்போது அதிகம்.

வளரும் வயதில் இருப்பவர்களுக்கு எலும்புக்குக் கால்சியம், இரத்தத்துக்கு இரும்பு, உயரத்துக்குப் புரதம் என்று தேவைகள் எல்லாம் பெரியவர்களைவிடக் கூடுதல். அந்த மாணவன் இப்போது ஓர் உணவியல் அலுவலரைப் பார்த்து வருகிறான், மூன்று வேளையும் சாப்பிடுகிறான். பட்டப்பெயர் வைத்தவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருந்தது, பேசினோம்.

அறுவை நாள்

முந்தைய இரவு அந்தத் தூளும் நிறுத்தப்பட்டது, பிறகு தண்ணீரும். இதற்குக் காரணம் கல்லீரல் இல்லை. மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் ஏதாவது இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அறுவைக்குப் பிறகும் சில வாரம் திரவ உணவுதான், அங்கே காரணம் மூன்றாவது: வெட்டிப் பொருத்திய இரைப்பை ஆற வேண்டும். ஒரே பெயர், மூன்று வெவ்வேறு அறிவியல்.

சிகிச்சை முடிந்த மறுநாள் அறுவை மருத்துவர் அக்காவிடம் பேசும்போது நானும் இருந்தேன். கல்லீரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஆசிரியர் என்று தெரிந்துகொண்டு கொஞ்சம் விளக்கமாகவே சொன்னார். நல்ல கல்லீரலின் ஓரம் கூர்மையாக இருக்குமாம், கொழுப்பு நிறைந்ததன் ஓரம் மழுங்கியிருக்குமாம். அக்காவுடையது இன்னும் கொஞ்சம் மழுங்கலாகத்தான் இருந்தது, ஆனால் தூக்கியபோது வளைந்து கொடுத்தது, இரத்தக் கசிவு இல்லை.

அக்கா அதைக் கேட்டுவிட்டு, குரல் கம்ம, "அப்ப அந்தப் பாயசம் தெரியலையே, டாக்டர்?" என்றார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது மூன்று பானங்களின் அட்டையைப் பாருங்கள். ஒரு குவளையில் உள்ள மாவுச்சத்து, சீனி, புரதம் ஆகியவற்றை கிராமில் எழுதுங்கள். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9 என்று கொண்டு கணக்கிட்டு, அட்டையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 'சீனி' என்ற எண் பெரும்பாலும் 'மாவுச்சத்து' என்ற எண்ணுக்குள் அடங்கியிருக்கும், இரண்டு முறை கூட்டிவிடாதீர்கள்.

2. ஒருவர் திரவ உணவு தொடங்கி மூன்று நாளில் 2 கிலோ குறைந்தார், அடுத்த பதினொரு நாளில் இன்னும் 2 கிலோ மட்டுமே குறைந்தார். "எனக்கு உணவு வேலை செய்வது நின்றுவிட்டது" என்று அவர் வருந்துகிறார். அவருக்கு நான்கு வாக்கியங்களில் பதில் எழுதுங்கள். கிளைக்கோஜன், நீர், கொழுப்பு ஆகிய மூன்று சொற்களும் இடம்பெற வேண்டும்.

3. மோர், தெளிந்த கோழி சூப், ஆரஞ்சுச் சாறு, வெள்ளரித் துண்டு. இவற்றில் கல்லீரலின் கிடங்கை மிக வேகமாக நிரப்பக்கூடியது எது? ஏன்?